சரளமும் தேவதாருவும்: காளிதாசர் காப்பியங்களில் ஓர் அடைச்சொல்லின் பொருளும் ஆட்சியும்

ஆய்வுச்சுருக்கம்

காளிதாசரின் இமயமலைக் காட்சிகளில் சரளம், தேவதாரு என்னும் இரு மரப்பெயர்கள் ஆளப்பெறுகின்றன. முன்னது பைன் மரத்தையும் பின்னது அம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் இனத்தையும் குறிப்பன. சரளம் என்பது அடிப்படையில் ‘நேரானது’ என்னும் அடைச்சொல். உரைமரபிலும் தமிழ் வாசிப்பிலும் இவ்விரு பெயர்களும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. மேகதூதம், குமாரசம்பவம், இரகுவம்சம் ஆகிய மூன்று நூல்களின் இடங்களை ஒப்புநோக்கி, சரளம் அடிமரத்தோடும் தேவதாரு உயிருள்ள உடம்போடும் இயைத்துக் கூறப்படுவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அவ்வேறுபாட்டை அழிக்கும் மொழிபெயர்ப்பு எதை இழக்கிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சரளம், தேவதாரு, பைன், அடைச்சொல், காளிதாசர், அமரகோசம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

சங்கப் பாடல் ஒன்றை விளக்குபவர் வேங்கைக்கும் கோங்கிற்கும் வேறுபாடு அறியாமல் எழுதினால் அதனைத் தமிழ் ஆய்வுலகம் பொறுத்துக்கொள்வதில்லை. மரத்தின் பெயர் மாறினால் நிலம் மாறும். நிலம் மாறினால் உரிப்பொருள் மாறும் என்பது நாம் பயின்றுவந்த முறை. வடமொழிக் காப்பியங்களைத் தமிழில் படிக்கும்போதும் கற்பிக்கும்போதும் இக்கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது. இமயத்தில் நிற்கும் உயர்ந்த மரம் எதுவாயினும் ‘தேவதாரு’ என்று எழுதிக் கடந்துசெல்வது வழக்கமாகியுள்ளது. அப்பெயரில் ஒரு தெய்வத்தன்மை ஒலிப்பதால் அது எவ்விடத்திற்கும் பொருந்துவதுபோலத் தோன்றுகிறது.

காளிதாசர் எல்லா இடங்களிலும் தேவதாரு என்று எழுதவில்லை. சில இடங்களில் அவர் சரளம் என்கிறார். இது ஒரே மரத்தின் இரு பெயர்களைச் செய்யுள் வசதிக்காக மாற்றி மாற்றி ஆண்டதா, அன்றி இரண்டும் இருவேறு பொருளுணர்வோடு ஆளப்பட்டனவா என்பது கேட்கத்தக்க வினா. சரளம் என்பது பெயராகும் முன்னரே ஒரு பண்பைச் சொல்லும் சொல்லாக இருந்தது என்பதனால் இவ்வினாவிற்குக் கூடுதல் முதன்மை உண்டு.

அடையே பெயராதல்

மோனியர் வில்லியம்சின் அகராதி (1899) ‘சரள’ என்னும் சொல்லை, ஓடுதல், செல்லுதல் எனப் பொருள்படும் ‘ஸ்ரு’ என்னும் வினையடியோடு இணைக்கிறது. தடையின்றி ஓடிச்செல்வது நேராகச் செல்லும். எனவே வளைவற்றது, நேரானது என்னும் பொருள் வந்தது. நேர்மையான, கள்ளமற்ற மனிதரைக் குறிக்கும் பொருள் அதிலிருந்து கிளைத்தது. தமிழில் இன்று ‘சரளமாகப் பேசினார்’ என்னும்போது எஞ்சியிருப்பது ஓட்டம் என்னும் பழம்பொருளே. பேச்சு நேராக இருந்தது என்று நாம் கருதுவதில்லை. தங்குதடையின்றி ஓடியது என்றே கருதுகிறோம். மரமோ தமிழ்ச் சொல்வழக்கிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டது.

அமரகோசத்தில் இச்சொல் இரண்டு இடங்களில் இருவேறு பொருளில் வருகிறது. மனிதரின் பண்புகளைக் கூறும் பகுதியில் உதாரம் என்பதோடு சேர்ந்து இணக்கமான குணமுடையவரைக் குறிக்கிறது. மரங்களைக் கூறும் பகுதியில் பீதத்ரு, பூதிகாஷ்டம் என்பவற்றோடு நின்று பைனைக் குறிக்கிறது. தேவதாருவிற்கு அந்நூல் ஏழு பெயர்களைத் தனியே தருகிறது. அவற்றுள் பத்திரதாரு, பீததாரு ஆகியவற்றோடு பூதிகாஷ்டமும் அடங்கும். ஆகவே மணமுள்ள மரம் என்ற வகையில் இரண்டிற்கும் ஒரு பெயர் பொதுவாகிறது. மஞ்சள் நிறத்தைச் சுட்டும் பெயரும் இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. சரளம் என்னும் பெயர் மட்டும் தேவதாருவிற்குத் தரப்படவில்லை. மணத்தாலும் நிறத்தாலும் ஒன்றுபடும் இரு மரங்கள் நேர்மை என்ற ஒரு பண்பால் பிரிக்கப்பட்டுள்ளன எனலாம்.

மருத்துவ நூல்களும் இவ்வேறுபாட்டைப் பேணின. சுச்ருத சங்கிதையின் ஏலாதி கணத்தில் பைன் பிசினாகிய ஸ்ரீவேட்டகமும் தேவதாருவாகிய பத்திரதாருவும் தனித்தனிச் சரக்குகளாக எண்ணப்படுகின்றன. ஸ்ரீவேட்டகத்திற்கு அமரகோசம் தரும் மற்றொரு பெயர் சரளத்திரவம்; அதாவது சரளத்தின் ஒழுக்கு. ஓடுதல் என்னும் வேர்ப்பொருளுடைய மரப்பெயரோடு ஒழுகுதல் என்னும் பொருளுடைய சொல் சேர்ந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அம்மரத்தை அறிந்தவர்க்கு நிமிர்ந்த அடிமரமும் அதில் வழியும் பிசினும் ஒரே காட்சியாகத் தோன்றுவது இயல்பு.

இன்றைய தாவரவியலில் சரளம் என்பது பெரும்பாலும் பைனஸ் ராக்ஸ்பர்கி என்னும் இனத்தோடு ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. இமயத்தின் தாழ்ந்த சரிவுகளில் ஏறத்தாழ 500 முதல் 2000 மீட்டர் உயரம்வரை இது காடாக வளர்கிறது. ஊசியிலைகள் மும்மூன்றாகச் சேர்ந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கும். வில்லியம் ராக்ஸ்பர்க் இதற்குச் சூட்டி, லாம்பெர்ட்டின் நூல்வழி 1803இல் வெளிவந்த பெயர் பைனஸ் லாஞ்சிபோலியா. ‘நீண்ட இலையுடையது’ என்பது அதன் பொருள். அப்பெயர் வேறொரு மரத்திற்கு முன்னரே இடப்பட்டிருந்ததால் 1897இல் சார்ஜென்ட் அதனை ராக்ஸ்பர்கின் பெயராலேயே மாற்றியமைத்தார். ஐரோப்பியத் தாவரவியலார் இலையைப் பார்த்துப் பெயரிட்டனர். வடமொழியார் அடிமரத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். அடைச்சொல் பெயராகும்போது பார்வை மரத்தின் எப்பகுதியில் நின்றது என்பதையும் அது பதிவுசெய்கிறது. காளிதாசரை வாசிக்கும்போது இக்குறிப்பு பயன்படும்.

இவ்விடத்தில் ஒரு முரணையும் சுட்டலாம். நேர்மையால் பெயர்பெற்ற இம்மரத்தின் உள்நார் பல இடங்களில் முறுக்கிக்கொண்டு வளரும். முறுக்குநார் கொண்ட பைன் அறுப்பிற்குப் பயன்படாமை வனத்துறையினர் நெடுங்காலமாக அறிந்த இடர்ப்பாடு. பெயர் வெளித்தோற்றத்தைக் கண்டு இடப்பட்டது. மரம் வெட்டியவரைக் கேட்டு இடப்பட்டதன்று.

தேவதாருவின் நிலை வேறு. சீட்ரஸ் தேவதாரா என்று இன்று அழைக்கப்படும் அது முதலில் பைன் இனத்தில் வைத்து எண்ணப்பட்டு, 1830இல் சீட்ரஸ் இனத்திற்கு மாற்றப்பட்டது. ஊசிகள் குட்டையானவை, கிளைகள் அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் விரிந்து நுனி தாழ்பவை. சரளத்தைவிட உயர்ந்த சரிவுகளில் வளர்வது. அதன் பெயரில் தோற்றத்தைப் பற்றிய குறிப்பு ஏதுமில்லை. தேவர்களின் மரம் என்று உரிமையை மட்டுமே அது சொல்கிறது.

ஒரே செயல், இரு மரங்கள்

இரு பெயர்களின் ஆட்சி வேறுபாட்டைக் காண மிகத் தெளிவான இடம், யானை மரத்தில் உராயும் காட்சி. இதனைக் காளிதாசர் இரண்டு நூல்களில் அமைத்துள்ளார். செயல் ஒன்றே, மரம் வேறு.

குமாரசம்பவத்தின் முதற்சருக்கம் இமயத்தின் புகழ்ச்சியோடு தொடங்குகிறது. அதில் ஒன்பதாம் பாடலில் யானைகள் கன்னத்தின் தினவைப் போக்கிக்கொள்ளச் சரள மரங்களில் உராய்கின்றன. உராய்ந்த இடத்திலிருந்து பால் வழிகிறது. அதன் மணம் மலைச்சாரல்களைக் கமழச் செய்கிறது. யானைகள் பன்மை, மரங்கள் பன்மை. எப்போதும் நடக்கும் மலைநிகழ்வாக இது கூறப்படுகிறது. மரம் காயமுற்றதாக ஒரு சொல்லும் இல்லை. யானைக்குத் தினவு தீர்ந்தது. மலைக்கு மணம் கிடைத்தது. இக்கொடுக்கல் வாங்கலில் மரம் இழந்தது என்ன என்று கேட்கும் இடத்தைப் பாடல் தரவில்லை.

இரகுவம்சத்தின் இரண்டாம் சருக்கத்தில் இதே செயல் தேவதாருவிற்கு நேர்கிறது. நந்தினிப் பசுவைப் பற்றிக்கொண்ட சிங்கம் திலீபனிடம் தன் வரலாற்றைச் சொல்கிறது. எதிரே நிற்கும் தேவதாரு ஒன்றைச் சுட்டி, சிவபெருமான் அதனை மகனாக ஏற்றுக்கொண்டதையும், உமையம்மை பொற்குடத்து நீரை முலைப்பால்போல் ஊட்டி வளர்த்ததையும் கூறுகிறது. ஒருமுறை காட்டு யானையொன்று தினவெடுத்து உராய்ந்தபோது அம்மரத்தின் தோல் உரிந்துவிட்டது. அசுரரின் படைக்கலத்தால் முருகன் புண்பட்டதுபோல் அம்மை துயருற்றாள். அன்றுமுதல் யானைகளை அச்சுறுத்தவே சிங்கம் அங்கே காவல் வைக்கப்பட்டது.

யானை ஒன்று, மரம் ஒன்று, நிகழ்ச்சியும் ‘ஒருமுறை’ நடந்தது. குமாரசம்பவத்தில் வழக்கமாக இருந்தது இங்கு வரலாறாக மாறுகிறது. அங்கே நறுமணம் பிறந்தது; இங்கே தாயின் துயரம் பிறக்கிறது. திலீபனுக்கு மகனில்லை என்பதே இச்சருக்கத்தின் அடிப்படைக் கவலை. பிள்ளைப்பேற்றுக்காகப் பசுவைக் காக்கும் அரசன்முன் பிள்ளையாக ஏற்கப்பட்ட மரம் நிறுத்தப்படுகிறது. அம்மரம் வெறும் நேரான மரமாக இருந்திருந்தால் காட்சி பொருளற்றுப் போயிருக்கும். பண்பைச் சொல்லும் பெயர் இங்கு உதவாது; உறவைச் சொல்லும் பெயரே வேண்டும். இவ்விரு பாடல்களையும் படிக்கும் ஒருவர் இரண்டிலும் ‘தேவதாரு’ என்னும் சொல்லையே கண்டால், ஒரு நூலில் அம்மை அழும் காயத்தை மற்றொரு நூலில் கவிஞர் நறுமணம் என்று பாராட்டுவதாகக் குழம்புவார். உண்மையில் கவிஞரிடம் அத்தகைய முரண் இல்லை.

தோளும் தோலும்

இரகுவம்சத்தின் நான்காம் சருக்கத்தில் இரு பெயர்களும் அடுத்தடுத்த பாடல்களில் வருகின்றன. இரகுவின் படை வடதிசை நோக்கி இமயம் ஏறுகிறது. முதற்பாடலில் படையின் யானைகள் சரள மரங்களில் பிணிக்கப்பட்டு நிற்கின்றன. இரவில் ஒளிரும் மூலிகைகளின் வெளிச்சம் யானைகளின் கழுத்துச் சங்கிலிகளில் பட்டுத் தெறிக்கிறது. அம்மூலிகைகளே அரசனுக்கு எண்ணெயில்லா விளக்குகள். அடுத்த பாடலில் படை பாசறையை விட்டு அகன்றுவிட்டது. அவ்விடத்துத் தேவதாருக்களில் கழுத்துக்கயிறு அறுத்த தழும்புகள் எஞ்சியுள்ளன. அத்தழும்பின் உயரத்தைக் கண்டு யானைகளின் உயரத்தைக் கிராதர் உணர்கின்றனர்.

யானையைக் கட்டிய மரம் என்னும் வகையில் இரண்டும் ஒன்றே. ஆயினும் சரளம் கட்டுத்தறியாக மட்டும் நிற்கிறது. அதன் உடம்பைப் பற்றிப் பேச்சில்லை. தேவதாருவோ தோல் புண்பட்டு நிற்கிறது. புண்பட்டதோடு நில்லாமல் செய்தியும் சொல்கிறது. ‘த்வக்’ என்னும் சொல் தோலையும் மரப்பட்டையையும் ஒருங்கே குறிக்கும். இரண்டாம் சருக்கத்தில் யானை உரித்ததும் இந்தத் த்வக்கையே. நான்காம் சருக்கத்தில் கயிறு அறுத்ததும் அதனையே. இரு இடங்களிலும் அச்சொல் தேவதாருவிற்கே வருகிறது. சரளத்திற்கு மேகதூதத்தில் வருவது ‘ஸ்கந்தம்’. அது தோளையும், கிளை பிரியும்வரை உள்ள அடிமரத்தையும் குறிக்கும். சரளத்திற்குத் தோள் உண்டு. தேவதாருவிற்குத் தோல் உண்டு. தோள் சுமக்கும், மோதும். தோல் வலியை உணரும்.

குமாரசம்பவத்தின் ஆறாம் சருக்கத்தில் மனித உருவோடு வரும் இமவானின் நெடிய கைகளுக்குத் தேவதாரு ஒப்பாகிறது. மூன்றாம் சருக்கத்தில் சிவன் தவமிருக்கும் மேடை தேவதாருவின் அடியில் உள்ளது. இவை தேவதாருவை உடம்போடும் தெய்வத்தோடும் இணைப்பன. முதற்சருக்கத்தின் பதினைந்தாம் பாடலில் கங்கையருவியின் திவலைகளைச் சுமந்த காற்று தேவதாருக்களை அசைக்கிறது. இங்கு மட்டும் மரம் மரமாகவே நிற்கிறது. வலிந்து வேறு பொருள் கொள்ளத் தேவையில்லை. ஒரு கவிஞரின் சொல்லாட்சியில் எல்லா இடங்களும் ஒரே விதிக்கு உட்படும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

எண்ணெயில்லா விளக்கு என்னும் உருவகத்தைப் பற்றி ஒன்று கூறலாம். இமயத்து மலைவாழ் மக்கள் பிசின் ஊறிய பைன் சிறாய்களைத் தீப்பந்தமாகக் கொளுத்துவது பழைய வழக்கம். எரியக்கூடிய பிசினைத் தன்னுள் கொண்ட மரம் இப்பாடலில் எரியாமல் நிற்க, அருகிலுள்ள மூலிகை நெய்யின்றி ஒளிர்கிறது. ‘ஸ்நேகம்’ என்னும் சொல்லுக்கு நெய், அன்பு என இரு பொருளும் உண்டு என்பதை வடமொழி வாசகர் அறிவர். அன்பிற்குரிய மரம் அடுத்த பாடலில்தான் வருகிறது என்று பொருள் விரிப்பது சற்று மிகையாகலாம். ஆயினும் இரு பாடல்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை ஒதுக்கிவிடவும் இயலாது.

காட்டுத்தீயின் பாடல்

சரளம் என்னும் அடையின் வேர்ப்பொருள் முழுமையாக உயிர்பெறும் இடம் மேகதூதத்தின் முற்பகுதியில் உள்ளது. இமயத்தை அடையும் மேகத்திடம் யட்சன் சொல்கிறான்: காற்று வீசும்போது சரளங்களின் அடிமரங்கள் ஒன்றோடொன்று மோதிப் பிறந்த காட்டுத்தீ, பொறிகளால் கவரிமான்களின் வால்மயிரைக் கருக்கி மலையை வருத்துமானால், ஆயிரம் நீர்த்தாரைகளால் அதனை அணைப்பாயாக. துன்புற்றோரின் துயர் தீர்ப்பதே உயர்ந்தோர் செல்வத்தின் பயன் என்ற பொதுக்கூற்றோடு பாடல் முடிகிறது.

காற்று வீசுதலைச் சொல்ல ஆளப்பட்ட சொல் ‘சரதி’. அது ‘ஸ்ரு’ என்னும் அதே வினையடியிலிருந்து பிறந்தது. அதன் அருகிலேயே சரளம் வருகிறது. ஓடும் காற்றும் ஓடும் பொருளையே பெயராகக் கொண்ட மரமும் ஒலியால் பிணைகின்றன. இதனை வெறும் மோனை அழகென்று கொள்வது போதாது. காற்று ஓடுகிறது, மரங்கள் மோதுகின்றன, தீ ஓடுகிறது, அதன்பின் நீர் ஓடவேண்டும். பாடல் முழுவதும் இயக்கமாக இருக்க, அவ்வியக்கத்தின் தொடக்கத்தில் இச்சொல் நிற்கிறது. தேவதாரு என்று மாற்றிப் படித்தால் தீ எங்கிருந்து வந்தது என்னும் செய்தி மட்டும் எஞ்சும்.

மரங்கள் உரசித் தீப்பிறக்கும் கற்பனை தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. பாலைப் பாடல்களில் மூங்கில் உரசி எழும் தீ பயின்று வருவது. இருதுசங்காரத்தின் கோடைக் காட்டுத்தீயிலும் உலர்ந்த மூங்கில் உண்டு. மேகதூதத்தில் மூங்கிலின் இடத்தைச் சரளம் பெற்றுள்ளது. இம்மாற்றம் நிலத்தை அறிந்து செய்யப்பட்டது. பைன் காடுகளில் தீப்பரவல் இன்றும் இமயச்சரிவுகளின் கோடை இடராக உள்ளது. உத்தராகண்ட் மக்கள் ‘பிரூல்’ என்று அழைக்கும் உதிர்ந்த ஊசியிலைகள் தரையில் மெத்தைபோல் படிந்து, ஏப்ரல் முதல் சூன் வரையிலான வறட்சியில் எளிதில் பற்றிக்கொள்கின்றன. பருவமழை வந்தே அது அடங்குகிறது. யட்சன் மேகத்தைக் காண்பது ஆஷாட மாதத்தில். ‘முதல் நாளில்’ எனவும் ‘இறுதி நாளில்’ எனவும் பாடவேறுபாடு இருப்பினும், மேகம் இமயம் சேரும் காலம் தீக்காலத்தின் எல்லையே. மழை தீயணைக்க வேண்டும் என்னும் வேண்டுகோள் மலைநாட்டின் ஆண்டுச் சுழற்சியைத் தழுவியது.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். கவரி வாழ்வது மிக உயர்ந்த சரிவுகளில். சரளம் வளர்வது தாழ்ந்த சரிவுகளில். இரண்டும் ஒரே தீயில் எவ்வாறு சேரும்? சரளம் என்பது இங்கு உயரத்தில் வளரும் ஐந்திலைப் பைனைக் குறிக்கும் என்று கொண்டு இதனைத் தீர்க்கலாம். அடைச்சொல்லாகப் பிறந்த பெயர் நிமிர்ந்த அடிமரமுடைய எந்தப் பைனுக்கும் நீளக்கூடியது. சரளத்தின் வழிவந்ததாகக் கொள்ளப்படும் ‘சல்லோ’ என்னும் நேபாளிச் சொல் இன்றும் பைன்களின் பொதுப்பெயராக இருப்பது இதற்கு அரண். கவிஞர் மலையின் பல அடுக்குகளை ஒரே பாடலில் சேர்த்துக்கொண்டார் என்பதும் ஏற்கத்தக்கதே. எவ்வாறாயினும், இச்சொல்லைக் காப்பியங்களில் ஒரே தாவர இனத்தோடு இறுகப் பிணைப்பதைவிட, அது சொல்லும் பண்பைப் பின்தொடர்வதே பயன்தரும்.

பாடலில் யார்மீது இரக்கம் செல்கிறது என்பதும் நோக்கத்தக்கது. வருந்துவது மலை, வால் கருகுவது கவரி. எரியும் சரளங்களுக்காக ஒரு சொல் இல்லை. அவை தீயின் பிறப்பிடம் மட்டுமே. தேவதாருவின் தோல் உரிந்ததற்கு உலகன்னை வருந்தினாள். காடே எரியும்போதும் சரளத்திற்காக வருந்துவார் இல்லை.

அதே நூலின் பிற்பகுதியில் தேவதாரு வருகிறது. இமயத்துக் காற்றுகள் தேவதாருக்களின் தளிர்க்குவைகளைப் பிளந்து, அவற்றின் பால் கசிந்த மணத்தோடு தெற்கே வருகின்றன. அவை தன் மனைவியின் மேனியைத் தீண்டி வந்தனவாக இருக்கலாம் எனக் கருதி யட்சன் அவற்றைத் தழுவிக்கொள்கிறான். பால் கசிவதும் மணப்பதும் குமாரசம்பவத்துச் சரளத்திற்கும் உண்டு. எனவே பிசினும் மணமும் இரு மரங்களைப் பிரிக்கும் எல்லையாகா. அமரகோசம் மணத்தைக் குறிக்கும் பெயரை இரண்டிற்கும் பொதுவாக்கியதும் இதனோடு ஒத்துப்போகிறது. பிரிப்பது வேறொன்று. சரளத்தின் பால் அடிமரத்தை யானை தேய்த்ததால் வந்தது. தேவதாருவின் பால் தளிரைக் காற்று திறந்ததால் வந்தது. தளிர் வழியாக வந்த மணமே மனைவியின் மேனியை நினைவூட்டத் தகுந்தது.

யாப்பு என்னும் மறுப்பு

இவ்வேறுபாடுகள் யாவும் யாப்பின் விளைவு என்று கூற இடமுண்டு. சரளம் மூன்று லகுக்களால் ஆன சொல். தேவதாரு குருவும் லகுவும் மாறிமாறி வருவது. ஒன்று பொருந்தும் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. குமாரசம்பவத்தின் ஒன்பதாம் பாடலில் சரளத்தை நீக்கித் தேவதாருவை அப்படியே வைக்க இயலாது என்பது உண்மை.

ஆயின் நூலளவில் இம்மறுப்பு நிற்பதில்லை. மேகதூதம் முழுவதும் மந்தாக்கிராந்தா என்னும் ஒரே விருத்தத்தில் அமைந்தது. அதில் இரு பெயர்களும் இடம்பெற்றுள்ளன. குமாரசம்பவத்தின் முதற்சருக்கத்தில் ஆறு பாடல் இடைவெளியில் ஒரே விருத்த வகையில் இரண்டும் வருகின்றன. இரகுவம்சத்தின் நான்காம் சருக்கத்தில் அடுத்தடுத்த அனுட்டுப்புகளில் வருகின்றன. விருத்தம் இரண்டிற்கும் இடந்தரும்போது, எந்தக் காட்சிக்கு எந்தப் பெயர் என்பதைத் தீர்மானித்தது யாப்பு மட்டுமாக இருக்கவியலாது. சொல் அடிக்குள் எங்கே அமரும் என்பதை யாப்பு வரையறுத்தது; எந்தச் சொல் அமரவேண்டும் என்பதை அதனிடம் விட்டுவிடும் கவிஞரல்லர் காளிதாசர்.

உரையும் தமிழ் வாசிப்பும்

சரளம் என்பதற்குத் தேவதாரு என்றோ தேவதாருவின் ஒரு வகை என்றோ பொருள் எழுதுவது உரைமரபில் காணப்படுகிறது. உரையாசிரியர்களைக் குறைகூறுவதில் பொருளில்லை. தீபகற்ப இந்தியாவில் இயல்பாக வளரும் பைன் இனம் எதுவுமில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஊசியிலை மர வகுப்பைச் சேர்ந்த ஒரே இயல்மரமும் பைன் குடும்பத்தது அன்று. கொடைக்கானலில் காணும் பைன் தோப்பு பிற்காலத்தில் நடப்பட்டது. கண்ணால் காணாத மரத்திற்கு, அறிந்த பெயரால் பொருள் சொல்வது தென்னாட்டு உரையாசிரியர்க்கு இயல்பு.

சங்கப் புலவரும் இதே நிலையில் இருந்தவரே. பதிற்றுப்பத்தின் பதினோராம் பாடலில் இமயத்துக் கவரி, கவிர் செறிந்த மலைப்பக்கத்தில் உறங்கி அருவியையும் நரந்தம்புல்லையும் கனவு காண்கிறது. கவிர் என்பது முருக்கு. தமிழ்நிலம் நன்கறிந்த செம்பூ மரம். காளிதாசர் கவரியைச் சரளங்களிடையே வைத்தார்; குமட்டூர்க் கண்ணனார் முருக்குகளிடையே வைத்தார். அமரகோசத்தில் பாரிபத்திரகம் என்னும் பெயர் தேவதாருவிற்கும், அதனை ஒத்த பாரிபத்திரம் முருக்கினத்திற்கும் வருவதைக் காணும்போது ஏதேனும் தொடர்பு இருக்குமோ என்று தோன்றும். இவ்வளவு சிறிய சான்றைக் கொண்டு எதனையும் நிறுவ முற்படாதிருப்பதே நல்லது.

தமிழ் வாசிப்பில் சிக்கல் இரட்டிப்பாகிறது. தமிழகத்தின் வறண்ட காடுகளில் செம்புளிச்சான் என்று வழங்கும் சிறுமரத்திற்கும் தேவதாரம், தேவதாரு என்னும் பெயர்கள் உண்டு. மணமுள்ள வயிரத்தால் அது இப்பெயரைப் பெற்றிருக்கலாம். வங்காளத்திலோ தேவதாரு என்றால் நாம் நெட்டிலிங்கம் என்று சொல்லும் சாலையோர மரம். ஆகவே தேவதாரு என்னும் சொல்லை அப்படியே வைப்பதால் மூலத்திற்கு உண்மையாக இருக்கிறோம் என்று கருதுவது சரியன்று. யானையைப் பிணித்த மரமாகச் செம்புளிச்சானை எண்ணிக்கொள்ளும் மாணவர்க்குக் கிராதர் அளந்தறிந்த உயரம் விளங்காது.

சரளத்தைத் தமிழில் எவ்வாறு தருவது? ‘சரளம்’ என்று மட்டும் எழுதினால் பேச்சின் ஓட்டமே நினைவுக்கு வரும். ‘ஊசியிலை மரம்’ என்பது இரு மரங்களுக்கும் பொது. மேலும் அது இலையைப் பார்க்கும் பெயர், கவிஞர் பார்த்த இடம் வேறு. ‘பைன்’ என்பது மரத்தைச் சரியாகக் காட்டும், பண்பைக் காட்டாது. ‘சரள மரம்’ என்று எழுதி, முதல் இடத்தில் ‘நேராக ஓங்கும் பைன்’ என ஒரு விளக்கம் சேர்ப்பதே இன்றைய நிலையில் இழப்புக் குறைந்த வழி. யானைகள் கட்டப்பட்ட பாடலில் ‘சரள மரம்’ என்றும் கயிற்றுத்தழும்பின் பாடலில் ‘தேவதாரு’ என்றும் எழுதினால் போதும். அவ்விரு பாடல்களுக்கிடையே படை பாசறை மாறியிருக்கிறதா, மலையில் மேலும் ஏறியிருக்கிறதா என்ற வினா வாசகரிடத்தில் தானாக எழும். சரளம் தாழ்சரிவின் மரமாகவும் தேவதாரு மேற்சரிவின் மரமாகவும் இருத்தலால், இரகுவின் படை ஏறிய உயரத்தை இவ்விரு பெயர்களே காட்டுகின்றன எனக் கொள்ளவும் இடமுண்டு.